படியை மாற்றாமல் அளக்கச் சொல்லுங்கள்: செபிக்கு ஒரு திறந்த மடல்

இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் தலைவர் அவர்களுக்கும் வாரிய உறுப்பினர்களுக்கும்,

பங்குச் சந்தைக்கு வந்த தொழில்நுட்ப நிறுவனங்களின் காலாண்டு முடிவுகளை வரி விடாமல் படிக்கும் சிறு பங்குதாரர்களும் கணக்கர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்கள் குறை ஒன்றுதான். முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் வெளியீட்டுக்கு முன் ஒரு நிறுவனம் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்பதில் நீங்கள் கறாராக இருக்கிறீர்கள். பட்டியலான பிறகு அது தன் வளர்ச்சியை எந்தப் படியால் அளந்து காட்டலாம் என்பதை அதன் விருப்பத்துக்கே விட்டுவிட்டீர்கள். விற்பவர் கையிலேயே படியும் இருக்கிறது.

லாப வரலாறு இல்லாத நிறுவனம் வெளியீட்டுக்கு வரும்போது உங்கள் விதி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். முந்தைய மூன்று ஆண்டுகளில் சராசரியாக 15 கோடி ரூபாய் இயக்க லாபம் (முக்கியத் தொழிலில் மட்டும் வரும் லாபம்) காட்ட முடியாத நிறுவனம், வெளியீட்டில் குறைந்தது 75 சதவீதத்தைப் பெரிய நிறுவன முதலீட்டாளர்களுக்கே ஒதுக்க வேண்டும். சில்லறை முதலீட்டாளருக்கு 10 சதவீதத்துக்கு மேல் கிடையாது. ஆபத்து இருக்கிறது, சின்னவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும் என்பதுதான் இதன் பொருள். நியாயமான கவலை. ஆனால் பட்டியலான அன்று காலை 10 மணிக்கு அந்தக் கயிறு அறுந்துவிடுகிறது. அதே பங்கை யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். நிறுவனம் மட்டும் முந்தின நாள் இருந்த அதே நட்டத்தோடு இருக்கிறது.

2022இல் நீங்கள் கொண்டுவந்த திருத்தத்தை வரவேற்றவர்களில் நாங்களும் உண்டு. ஆர்டர் மதிப்பு, மாதப் பயனர் எண்ணிக்கை, ஓர் ஆர்டரில் மிஞ்சுவது போன்ற முக்கிய அளவீடுகளை வரையறையோடும் சான்றோடும் வெளியீட்டு ஆவணத்தில் தர வேண்டும், பட்டியலான பிறகும் தொடர்ந்து வெளியிட வேண்டும் என்றீர்கள். எவ்வளவு காலத்துக்கு? பட்டியலான நாளிலிருந்து ஓராண்டு, அல்லது திரட்டிய பணம் செலவாகி முடியும்வரை, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை. எத்தனை முறை? ஆண்டுக்கு ஒருமுறை போதும். பத்தாண்டு வளர்ச்சிக் கதை சொல்லிப் பங்கை விற்கிறார்கள். அந்தக் கதையை அளக்கும் படிக்கு ஓரிரு ஆண்டு ஆயுள்தான்.

அதன் பிறகு நடப்பதை எண்களோடு சொல்கிறோம். கீழே பெயர் சொல்லும் நிறுவனங்கள் விதியை மீறியதாக நாங்கள் சொல்லவில்லை. இவையெல்லாம் அவை தாமே வெளியிட்ட கணக்குகள். விதியில் இருக்கும் ஓட்டையைக் காட்டத்தான் எடுத்துச் சொல்கிறோம்.

முதலில் 'அட்ஜஸ்டட் எபிட்டா'. வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்திய லாபம் எபிட்டா. அதில் ஊழியர் பங்குத் திட்டச் செலவை, அதாவது ஈசாப் செலவை, திரும்பச் சேர்த்தால் கிடைப்பது இன்னொரு எண். பேடிஎம் 2021 நவம்பரில் 2,150 ரூபாய்க்குப் பங்கு விற்று 18,300 கோடி ரூபாய்க்கு வெளியீடு நடத்தியது. அதில் 10,000 கோடி பழைய முதலீட்டாளர்கள் தங்கள் பங்கை விற்று எடுத்துக்கொண்டது. நிறுவனத்துக்கு வந்தது 8,300 கோடி. 2022 அக்டோபர்–டிசம்பர் காலாண்டில் 'ஈசாப் செலவுக்கு முந்திய எபிட்டா' 31 கோடி ரூபாய் லாபம் என்று அறிவித்தது. லாபப் பாதைக்கு வந்துவிட்டது என்று எங்கும் தலைப்புச் செய்தி. அதே காலாண்டின் நிகர நட்டம் 392 கோடி. இடையில் உள்ள தூரத்தில் பெரும்பகுதி ஈசாப் செலவுதான்.

ஈசாப் என்பது பணம் வெளியே போகாத செலவு, அதனால் ஒதுக்கி வைக்கலாம் என்பது வழக்கமான வாதம். பொறியாளருக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பணமாகத் தராமல் பங்காகத் தந்தால், அதைத் தருவது நிறுவனத்தின் கல்லாப்பெட்டி இல்லை, மற்றப் பங்குதாரர்கள். அவர்கள் கையில் இருக்கும் பங்கின் அளவு தேய்கிறது. கல்லாவிலிருந்து போகவில்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. அது கணக்கில் எவ்வளவு கனமானது என்பதைப் பின்னர் அதே நிறுவனமே காட்டியது. 2025 ஏப்ரலில் நிறுவனர் தமக்கு ஒதுக்கப்பட்ட 2.1 கோடி ஈசாப்களைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்தவுடன் செலவு குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பங்கு சார்ந்த ஊதியத்துக்கான கணக்குத் தரம் நேர்மாறாகச் சொல்கிறது: ரத்தானால், இனி வரும் ஆண்டுகளில் எழுத வேண்டிய மீதிச் செலவு முழுவதையும் அப்போதே எழுது என்கிறது. 492 கோடி ரூபாய் ஒரே காலாண்டில் இறங்கியது.

வாடகையிலும் ஒரு வித்தை உண்டு. இப்போதைய கணக்குத் தரப்படி நீண்டகாலக் குத்தகையின் வாடகை, தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்துபோகிறது. எபிட்டாவோ இவ்விரண்டையும் கழிப்பதற்கு முந்திய எண். ஆக, கிடங்கு வாடகை அந்த எண்ணுக்குள் வருவதே இல்லை. மாதம் 5 லட்சம் வாடகையில் 500 கிடங்கு நடத்தும் ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: ஆண்டுக்கு 300 கோடி ரூபாய் வாடகை எபிட்டாவின் கண்ணில் படாது. கிடங்கு கூடக் கூட எபிட்டா அழகாகும். இந்த ஒரு விஷயத்தில் சொமாட்டோவைப் பாராட்ட வேண்டும். அதன் வரையறை ஈசாப் செலவைத் திரும்பச் சேர்த்தாலும், கொடுத்த வாடகையைக் கழித்துவிடுகிறது. எல்லாரும் அப்படிச் செய்வதில்லை, செய்ய வேண்டும் என்று விதியும் இல்லை. அதனால் 'அட்ஜஸ்டட் எபிட்டா' என்று ஒரே பெயர் போட்ட இரண்டு நிறுவனத்தின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, பட்டணம் படியையும் லிட்டரையும் ஒன்றாக வைத்து அரிசி அளப்பது போலத்தான்.

மூன்றாவது இடம், பொறியாளர் சம்பளம். மென்பொருள் உருவாக்கும் செலவில் ஒரு பகுதியைச் சொத்தாக எழுதிக்கொள்ளத் தரம் இடம் தருகிறது. சில நிபந்தனைகள் உண்டு. ஆனால் நிபந்தனை நிறைவேறியதா என்று முதலில் முடிவெடுப்பது நிர்வாகமே. 100 கோடி சம்பளத்தில் 30 கோடியைச் சொத்தாக்கினால் அந்த ஆண்டு லாபம் 30 கோடி கூடித் தெரியும். ஆண்டறிக்கையின் சொத்துக் குறிப்புக்குள் போய்த் தேடினால் கண்டுபிடிக்கலாம். காலாண்டு முடிவில் கண்டுபிடிக்க முடியாது.

பிற வருமானம் என்ற வரியையும் பாருங்கள். வெளியீட்டில் திரட்டிய பணம் செலவாகும்வரை டெபாசிட்டிலும் கடன் பத்திரங்களிலும் கிடக்கும், வட்டி வரும். 2023 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் சொமாட்டோ முதன்முறையாக நிகர லாபம் காட்டியது: 2 கோடி ரூபாய். அந்தக் காலாண்டின் பிற வருமானம் 181 கோடி. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்ததில் வந்த லாபமா, பங்குதாரர் கொடுத்த பணத்தின் வட்டியா என்று பிரித்துப் பார்க்க அன்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

வருவாய் வளர்ச்சி என்பதாவது நேரான அளவா என்றால் அதுவும் இல்லை. சந்தைத் தளமாக இருக்கும்போது நிறுவனம் தன் தரகை மட்டுமே வருவாயாக எழுதும். சரக்கைத் தானே வாங்கி விற்றால் முழு விலையும் வருவாய். 100 ரூபாய்ப் பொருளில் நேற்றுவரை 18 ரூபாய் என்று எழுதியது இன்று 100 ரூபாய் ஆகும். ஒரு பாக்கெட் பால்கூடக் கூடுதலாக விற்றிருக்காது. சொமாட்டோவின் இன்றைய பெயரான எட்டர்னல், 2025இல் தன் விரைவு விநியோகச் செயலியான பிளிங்கிட்டை இப்படிச் சரக்கு வைத்து விற்கும் முறைக்கு மாற்றத் தொடங்கியது. 2025 ஜூலை–செப்டம்பர் காலாண்டில் வருவாய் 4,799 கோடியிலிருந்து 13,590 கோடியானது. 183 சதவீத வளர்ச்சி. நிகர லாபம் 176 கோடியிலிருந்து 65 கோடிக்கு இறங்கியது. முறை மாறியதை நிறுவனம் வெளிப்படையாகவே சொன்னது. ஆனாலும் 183 என்ற எண்தான் கைப்பேசித் திரைகளில் ஓடியது. பழைய முறைப்படி வளர்ச்சி எவ்வளவு என்ற வரி, முடிவுப் பட்டியலிலேயே, அதே எழுத்து அளவில் இருந்திருக்க வேண்டும். அப்படிக் கேட்கும் விதி உங்களிடம் இல்லை.

இனி நாங்கள் மிக முக்கியமாகக் கருதும் விஷயம்: வளர்ந்தது நிறுவனமா, ஒரு பங்கா? சொமாட்டோ 2022இல் பிளிங்கிட்டை ஏறக்குறைய 4,447 கோடி ரூபாய்க்கு வாங்கியபோது ரொக்கம் தரவில்லை, சுமார் 62.85 கோடி புதிய பங்குகளைத் தந்தது. 2024 நவம்பரில் நிறுவன முதலீட்டாளர்களுக்குப் புதிய பங்கு விற்று 8,500 கோடி திரட்டியது. இவை தவறான முடிவுகள் என்று நாங்கள் சொல்லவில்லை. பிளிங்கிட்டை வாங்கியபோது முணுமுணுத்த பலர் பின்னால் மனதை மாற்றிக்கொண்டார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் நிறுவனத்தின் வளர்ச்சியைப் பங்கிடும் தலைகள் கூடின. எளிய கணக்கு: 100 கோடி பங்கும் 1,000 கோடி வருவாயும் உள்ள நிறுவனம், இரண்டாண்டில் 118 கோடி பங்கோடு 1,400 கோடி வருவாய் காட்டினால் அறிவிப்பு 40 சதவீத வளர்ச்சி என்றிருக்கும். ஒரு பங்குக்கு 10 ரூபாயாக இருந்தது 11 ரூபாய் 86 காசு ஆகியிருக்கிறது. பங்குதாரருக்குக் கிடைத்தது 18.6 சதவீதம்.

இதைக் காட்டத்தான், வரவிருக்கும் பங்குகளையும் சேர்த்து ஒரு பங்குக்கான லாபத்தைச் சொல்லும் 'நீர்த்த பங்கு வருமானம்' என்று ஒரு வரி இருக்கிறதே என்பீர்கள். நட்டத்தில் இருக்கும் நிறுவனத்துக்கு அந்த வரி ஊமை. காத்திருக்கும் ஈசாப்களைச் சேர்த்தால் பங்குகளின் எண்ணிக்கை கூடி, ஒரு பங்குக்கான நட்டம் குறைவாகத் தெரியும். அப்படி நட்டத்தைக் குறைத்துக் காட்டக் கூடாது என்பதால் அவற்றைச் சேர்க்காதே என்கிறது கணக்குத் தரம். விளைவு: சாதாரணப் பங்கு வருமானம், நீர்த்த பங்கு வருமானம் என்ற இரண்டு வரியிலும் ஒரே எண். எத்தனை கோடி ஈசாப்கள் வரிசையில் நிற்கின்றன என்பது, அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய ஆண்டுகளில்தான் கண்ணில் படாமல் போகிறது.

பணப்புழக்க அறிக்கை இந்த மூட்டத்தையெல்லாம் விலக்கும். லாபத்தைப் பல விதமாக எழுதலாம். வங்கியில் இருக்கும் பணத்தை அப்படி எழுத முடியாது. அதை நம் நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை தந்தால் போதும். ஜூன், டிசம்பர் முடிவுகளில் அது இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பொருள் கொடுப்பவருக்கு 30 நாளில் பணம் தரும் நிறுவனம், செப்டம்பரில் மட்டும் 50 நாளுக்கு இழுத்தால் செப்டம்பர் 30 அன்று கையிருப்பு பெருத்துத் தெரியும். நாளொன்றுக்கு 10 கோடி கொள்முதல் என்றால் அந்த 20 நாளில் 200 கோடி. அக்டோபரில் அந்தப் பணம் வெளியே போகும். அடுத்த அறிக்கை மார்ச் மாதத்துக்கு உரியது. கையில் கிடைப்பது மே மாதத்தில். அதற்குள் மறுபடி இழுத்தால் யாருக்கும் தெரியாது. காலாண்டுக்கு ஒருமுறை தந்தாலும் இழுக்கத்தான் செய்வார்கள் என்று ஒரு வாதம் உண்டு. ஆண்டுக்கு நான்கு முறை இழுப்பது இரண்டு முறை இழுப்பதைவிடக் கடினம். சரக்குக் கொடுப்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்லப்படும்போது, சென்னையில் 2010இல் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸைக் காட்ட விரும்புகிறோம். அது 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக்கில் பட்டியலானது. பங்கு 36 டாலருக்கு விற்கப்பட்டு முதல் நாள் 47.55 டாலரில் முடிந்தது. ஊழியர்களில் 500க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர் ஆனதாக அன்று நம் ஊர்ப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. வருவாய் 2021இல் சுமார் 37 கோடி டாலர், 2024இல் சுமார் 72 கோடி டாலர்; ஏறக்குறைய இரட்டிப்பு. பங்கு விலையோ 2024 கடைசியில் 16 டாலர் அளவில். வியாபாரம் இரு மடங்கு, பங்கு பாதிக்கும் கீழே. முதல் நாளில் ஆண்டு வருவாயைப் போல முப்பது மடங்குக்கு மேல் விலை வைத்ததும், அதன் பிறகு வட்டி விகிதம் ஏறியதும், வளர்ச்சி விகிதம் தணிந்ததும் காரணங்கள்.

நாங்கள் காட்ட வருவது விலையை அல்ல, கணக்கை. 2024ஆம் ஆண்டுக்கு அந்த நிறுவனம் கணக்குத் தரப்படி சுமார் 13.9 கோடி டாலர் இயக்க நட்டம் காட்டியது. தன் சொந்த அளவுகோலில் சுமார் 9.9 கோடி டாலர் இயக்க லாபம் காட்டியது. இரண்டும் ஒரே அறிவிப்பில், நட்டம் பின்னுக்குத் தள்ளப்படாமல் இருந்தன. வித்தியாசம் எதனால், அதில் பங்கு ஊதியம் எவ்வளவு என்ற பட்டியலும் கூடவே இருந்தது. நல்லெண்ணத்தால் மட்டும் அப்படி வைக்கவில்லை. தரத்துக்கு வெளியே ஓர் எண்ணைச் சொன்னால் அதற்கு நிகரான தர எண்ணைக் குறையாத முக்கியத்துவத்துடன் காட்டு, இரண்டையும் வரி வரியாக இணைத்துக் காட்டு என்று அமெரிக்கச் சந்தை ஆணையம் 2003 முதல் விதி வைத்திருக்கிறது. காலாண்டுதோறும் பணப்புழக்க அறிக்கை வரும். காலாண்டு அறிக்கையின் முதல் பக்கத்திலேயே மொத்தம் எத்தனை பங்கு என்று அச்சாகியிருக்கும். சென்னையில் தொடங்கிய ஒரு நிறுவனத்தால் நாஸ்டாக்குக்காக இதைச் செய்ய முடிகிறதென்றால், மும்பைச் சந்தைக்காக ஏன் முடியாது?

2027 ஜனவரியில் நடைமுறைக்கு வரும் பன்னாட்டுத் தரம் ஐஎஃப்ஆர்எஸ் 18, நிர்வாகம் தானே வகுத்த லாப அளவுகளைத் தணிக்கைக்கு உட்பட்ட ஒரே குறிப்பில் கொண்டுவரச் சொல்கிறது. இந்தியத் தரமும் அதன் வழியில் வரட்டும், பொறுத்திருங்கள் என்ற பதில் எங்களுக்குப் போதாது. அது லாப அளவுகளை மட்டுமே தொடும். ஆர்டர் மதிப்பையும் பயனர் எண்ணிக்கையையும் தொடாது. ஆர்டர் மதிப்பைப் பொருளின் மேல் அச்சிட்ட அதிகபட்ச விலையில் கூட்டுவதா, தள்ளுபடி போக வாடிக்கையாளர் உண்மையில் கொடுத்ததில் கூட்டுவதா என்பதில் கணக்குத் தரத்துக்கு வேலை இல்லை. அங்கே உங்களுக்கு மட்டும்தான் அதிகாரம்.

ஆகவே கேட்கிறோம்.

லாப வரலாறு இல்லாமல், 75 சதவீத ஒதுக்கீட்டு வழியில் பட்டியலாகும் ஒவ்வொரு நிறுவனமும், வெளியீட்டு ஆவணத்தில் சொன்ன முக்கிய அளவீடுகளை அதே வரையறையில் முழு ஐந்து ஆண்டுகளுக்குக் காலாண்டுதோறும் வெளியிட வேண்டும். வரையறையை மாற்றினால், அல்லது வருவாய் எழுதும் முறை மாறினால், பழைய முறையிலும் புதிய முறையிலும் எட்டுக் காலாண்டுக்கு இரண்டு எண்ணும் அருகருகே வர வேண்டும். ஏற்கெனவே பட்டியலாகி ஐந்தாண்டு முடியாதவற்றுக்கும் இது பொருந்த வேண்டும்.

தரத்துக்கு வெளியிலான எந்த லாப எண்ணும், பங்குதாரர் கடிதம், செய்தி அறிக்கை, முதலீட்டாளர் விளக்கப் படங்கள் எதிலும் நிகர லாப நட்டத்துக்கு முன்னால் வரக் கூடாது. ஈசாப், வாடகை, சொத்தாக எழுதிய சம்பளம், பிற வருமானம் ஆகிய நான்கும் தனித்தனி வரியாக உள்ள இணைப்புப் பட்டியல் அதே பக்கத்தில் வேண்டும். காலாண்டு முடிவைத் தணிக்கையாளர் மேலோட்டமாகச் சரிபார்ப்பதில் இந்தப் பட்டியலும் அடங்க வேண்டும்.

இந்த நிறுவனங்களுக்குப் பணப்புழக்க அறிக்கையைக் காலாண்டுக் கட்டாயமாக்குங்கள். அதோடு, வழங்கிய பங்குகள், காத்திருக்கும் ஈசாப்கள், இரண்டும் சேர்ந்த மொத்தம், அந்த மொத்தத்தில் ஒரு பங்குக்கான வருவாய் ஆகிய நான்கு எண்களையும் முடிவின் முதல் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். நான்கே வரிதான். நிறுவனத்திடம் இவை ஏற்கெனவே இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. வெளியீட்டின்போது முதலீட்டாளருக்காகத் தயாரிக்கச் சொன்ன பத்து நிமிட விளக்கக் காணொளியை ஆங்கிலத்திலும் இந்தியிலும் கேட்டீர்கள். கைப்பேசியில் டிமேட் கணக்கு திறந்து பங்கு வாங்குபவர்கள் கோவையிலும் மதுரையிலும் நாகர்கோவிலிலும் இருக்கிறார்கள். அந்தக் காணொளி தமிழிலும் பிற அட்டவணை மொழிகளிலும் வேண்டும். பட்டியலான பிறகு, மேலே சொன்ன முதல் பக்கத்தையாவது ஆண்டுக்கு ஒருமுறை அதே மொழிகளில் பங்குச் சந்தை இணையதளங்களில் ஏற்றச் செய்யுங்கள்.

இவற்றை ஆலோசனை அறிக்கையாக இந்த நிதியாண்டுக்குள் வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 45 நாள் அவகாசம் தர வேண்டுகிறோம். இவற்றில் எதை ஏற்க முடியாது என்று வாரியம் நினைத்தாலும், ஏன் என்பதைக் காரணத்தோடு பொதுவில் எழுதித் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பட்டியலான தொழில்நுட்ப நிறுவனங்களின் சிறு பங்குதாரர்களும் கணக்கர்களும்